பதினாறு டிகிரிப் புழுக்களும் என் மகளின் காலுறையும்

பதினேழு மாதம் வரை என் மகள் உட்கார்ந்தபடியேதான் வீட்டைச் சுற்றினாள். தவழவே இல்லை. ஒரு காலை மடித்து, மற்றதை முன்னால் நீட்டி, நீட்டிய காலின் குதியால் தரையை இழுத்து இழுத்து நகர்வாள். மெதுவாக என்று நினைத்துவிடாதீர்கள். வரவேற்பறையிலிருந்து நான் சமையலறைக்கு நடந்து போவதற்குள் அவள் போய்ச் சேர்ந்து, வெங்காயக் கூடையைக் கவிழ்த்திருப்பாள். அவள் டயப்பரின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் எங்கள் வீட்டில் நான் எங்கெல்லாம் பெருக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

என் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பேன். பிறந்தபோது கொடுத்த புத்தகம். எந்த மாதத்தில் எது வர வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் உண்டு. தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது எல்லாவற்றுக்கும் எதிரே என் கையெழுத்தில் தேதி இருந்தது. ‘துணையில்லாமல் நடந்தது’ என்ற வரிக்கு எதிரே மட்டும் வெள்ளையாக இருந்தது. தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். எங்கள் கிளினிக்கின் மலாய்க்கார மிஸ்ஸி அந்த வெள்ளை இடத்தில் பேனாவை வைத்துத் தட்டி, பதினெட்டு மாதத்துக்குள் நடக்காவிட்டால் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அதற்கு ஐந்து வாரம் இருந்தது. அன்றிலிருந்து நான் நாள் எண்ணத் தொடங்கினேன்.

நாள் எண்ணுவது என் தொழிலும்கூட. ஈப்போவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உருளைப்புழு வளர்க்கிறேன். வயிற்றுப் பூச்சி அல்ல. மண்ணில் வாழ்கிற, யாருக்கும் தொல்லை தராத, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. உடம்பு கண்ணாடிபோல இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சிறு தட்டுகளில் அகர்-அகர் என்கிற கடற்பாசி ஜெல்லியை ஊற்றி, மேலே பாக்டீரியாவைப் பூசி வைத்தால் அதைத் தின்று வளரும். நாங்கள் தீபாவளிக்குச் செய்கிற அதே அகர்-அகர்தான், சீனியும் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையும் இல்லாமல்.

முட்டையிலிருந்து வெளிவந்த புழு நான்கு முறை தோலுரித்துப் பெரியதாகிறது. இருபது டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய மூன்று நாள்; குளிர் கூடினால் நாளும் கூடும். எந்தக் கட்டத்தில் தோலின் எந்த செல் பிரிய வேண்டும், எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும் என்பதற்கெல்லாம் அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைக் காப்பவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. இருபத்திரண்டு எழுத்து அளவுக்கு மிகச் சிறிய துண்டு. ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று ஒரு மரபணு செய்தி அனுப்பும்போது, இந்தத் துண்டு அந்தச் செய்தியில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு அதை அடக்கி வைக்கும். சின்ன வயதுக்கான செய்தி அடங்கினால்தான் புழு அடுத்த வயதுக்குப் போகும். அடங்காவிட்டால் குழந்தைப் பருவத்து வேலையையே மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டிருக்கும்.

ஆனால் அந்தத் துண்டால் தனியாக எதுவும் ஆகாது. ஆர்கோனாட் என்கிற புரதம் அதைத் தன் மடிப்புக்குள் ஏந்திக்கொள்ள வேண்டும். அதன் எழுத்துகளில் சிலவற்றை வெளியே தெரியும்படி பிடித்து, எதிரே வரும் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொருந்திவிட்டால், இன்னோர் உதவிப் புரதம் வந்து ஆர்கோனாட்டோடு சேர்ந்துகொண்டு, செய்தியின் வாலை நறுக்குகிற புரதங்களைக் கூப்பிடும். வால் குறைந்தால் செய்தி நிலைக்காது. அந்த உதவிப் புரதம் இல்லாவிட்டால் புழுவின் தோல் என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை.

இதை என் கணவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போகும்போது விளக்கினேன். அவர் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் இருக்கிறார். வாரநாளில் அங்கேயே நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிவிட்டு வெள்ளிக்கிழமை மாலை வருவார்.

“அப்ப அந்த மைக்ரோ என்னமோ, அது ஒரு சீட்டு,” என்றார். “இந்தக் காருல இது தப்பு, நிறுத்துன்னு எழுதியிருக்கு. சரியா?”

“சரி.”

“சீட்டு தானா எந்திரிச்சிப் போயி லைன நிறுத்துமா? ஒருத்தன் கையில எடுத்துக்கிட்டு வரணும். எந்தக் காரு, எந்த நம்பருன்னு ஒத்துப் பாக்கணும். பொறவு லைன நிறுத்துற கயித்த இழுக்க ஆளக் கூப்புடணும்.”

“அந்தக் கூப்புடுற ஆளத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்.”

“அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டா?”

“லைன் என்னா ஆகுதுன்னு பாக்கணும். அதான் என் வேல.”

“இதுக்கு எதுக்கு மைக்ரோஸ்கோப்பு? எங்க இடத்துக்கு வா லா. தெனம் பத்து மணிக்குக் காட்டுறேன்.”

பின்னிருக்கையில் மகள் தன் காலுறையைக் கழற்றி வாயில் வைத்திருந்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அதைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

அந்த உதவிப் புரதத்தை எடுத்துவிடக் கத்தியோ மருந்தோ தேவையில்லை. அதன் மரபணுவை அடக்கும்படி செய்யப்பட்ட பாக்டீரியாவைத் தாய்ப்புழுவுக்குத் தின்னக் கொடுத்தால் போதும். தாய் தின்றது பிள்ளைகளின் உடம்பில் தெரியும். இதை நான் முதன்முதலில் படித்தபோது எனக்குக் கல்யாணமாகவில்லை. எவ்வளவு எளிதான வழி என்று வியந்தேன். மகள் பிறந்த பிறகு அந்த வரியை என்னால் சும்மா படிக்க முடியவில்லை.

காரணம் இருந்தது. அவள் வயிற்றில் ஆறாம் மாதமாக இருந்தபோது ஒரு நாள், நான் புழுக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். உயிருள்ள புழு துள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் கிடக்க ஒரு துளி மருந்து விடுவோம். தசை விறைத்து அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு மூடியைத் திறக்கும்போது அதில் கொஞ்சம் கையுறைக்கு மேலே, மணிக்கட்டில் தெறித்தது. ஓடிப்போய்க் குழாயடியில் நெடுநேரம் கழுவினேன். தோல் சிவக்கக்கூட இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிரசவம் வரை வேலைக்கு வர வேண்டாம் என்பார்கள். நான் பாதியில் விட்டுப் போகிறவள் என்று பெயர் வாங்க விரும்பவில்லை. அதை மறந்தும் போயிருந்தேன். மகளுக்கு ஒரு வயது முடிந்து, நிற்க வைத்தால் முழங்கால் மடங்கிப் பொத்தென்று உட்கார்ந்தபோதுதான் அந்தத் துளி நினைவுக்கு வந்தது. அசையாமல் நிறுத்துகிற மருந்து. பிறகு அது என்னை விட்டுப் போகவே இல்லை.

பாரிட் புந்தாரிலிருந்து என் அண்ணி அவர் மகனின் காணொளிகளை அனுப்புவார். என் மகளைவிட இரண்டு வாரம் இளையவன். பதினொன்றாம் மாதத்திலேயே வயல் வரப்போரம் கோழியைத் துரத்தினான். நான் ஒவ்வொரு முறையும் சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டு, என் மகளை நிற்க வைத்துப் பார்ப்பேன். அவள் என் விரலைப் பிடித்தபடி என்னையே பார்த்துவிட்டு, மடங்கி உட்காருவாள். உடனே தூக்கிக்கொள்வேன். எங்கள் வீட்டுத் தரை பளபளக்கும் ஓடு. சளி பிடிக்கும் என்று காலுறை போட்டிருப்பேன். விழுந்தால் தலையில் படும் என்று எப்போதும் ஒரு கை தூரத்திலேயே இருப்பேன்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது கோப்பெங்கில் இருக்கும் ஓர் அக்கா. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், மூலை வீடு. அதன் பின்வேலிக்கு அப்பால் இன்னும் இரண்டு வரிசை ரப்பர் மரம் யாருக்கும் வேண்டாமல் நிற்கிறது. அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாசல்மேல் சிலுவையும், அதற்குக் கீழே ‘செருப்பைக் கழற்றவும்’ என்று மூன்று மொழியில் எழுதிய அட்டையும் மாட்டியிருப்பார். மொத்தம் நான்கு பிள்ளைகள் அவரிடம் இருந்தார்கள். மாலை ஐந்தரைக்கு நான் மகளை எடுக்கப் போகும்போது தினமும் ஒரே கேள்விதான் கேட்பேன்.

“இன்னைக்கி நின்னாளாக்கா?”

“நல்லா சாப்புட்டா. ரெண்டு தடவ வெளிக்கிப் போனா. மத்தியானம் நல்ல தூக்கம்.”

“நிக்கலையா?”

“அவசரப்படாத தங்கச்சி. அது அது நேரத்துக்கு வரும்லா.”

இப்படியே சொல்வார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பையில் பால் போத்தலை வைத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் ஏதோ சந்தேகம் இருக்கிறது, எனக்கு வேதனை தர வேண்டாம் என்று மறைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்த நிலையில்தான் ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்தது. வளர்ந்த புழுவின் பக்கவாட்டில், தலை முதல் வால் வரை, டயர் தடம்போல மெல்லிய கோடுகள் ஓடும். தோல் பெரியதாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உதவிப் புரதம் இல்லாத புழுக்களில் அந்தக் கோடு விட்டுவிட்டு இருக்கும், அல்லது இருக்காது என்று எதிர்பார்த்தோம். வியாழக்கிழமை காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. அடுத்த தட்டிலும் இல்லை. சாதாரண பாக்டீரியா தின்ற ஒப்பீட்டுத் தட்டில் எல்லாப் புழுவிலும் கோடு பளிச்சென்று இருந்தது. மேற்பார்வையாளர் அம்மையார் என் தோளைத் தட்டி, இன்னொரு முறை செய்து காட்டு, எழுதத் தொடங்கலாம் என்றார். இரண்டாம் முறையும் செய்தேன். அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலையிலும் அதேதான். கோடே இல்லை.

அன்று மதியம் ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் தட்டுகள் அடுக்க வந்தார். கருவிகளையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் என் தட்டுகளை, ஒரே சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைக்கும்போது பின்னாலிருந்து கேட்டார்.

“தங்கச்சி, இதுல என்னா வைக்கிற? உன்னோடது இருவது டிகிரிதானே?”

“ஆமாண்ணே. இருவதுதானே இது?”

“பதினாறு லா. போன மாசமே எறக்கிட்டேன், மேல் மாடி பசங்க கேட்டாங்க. கதவுல சீட்டு ஒட்டுனேனே.”

கதவில் சீட்டு இல்லை. அந்த இன்குபேட்டரின் முன்பக்க எண்விளக்கு பழுதாகிப் பல மாதம். அண்ணன் குனிந்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு, தூசியோடு ஒரு தாளை எடுத்தார். ஒட்டுநாடா இந்த ஊர் ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும்?

“சீட்டு இருக்கு,” என்றார், ஏதோ வழக்கில் ஜெயித்தவர்போல.

என் கணவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. சீட்டு தானாக எழுந்து வராது.

அப்படியும் ஒப்பீட்டுத் தட்டு என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அதுவும் அதே குளிரில் இருந்திருந்தால் அதிலும் கோடு வந்திருக்காது. ஏதோ சரியில்லை என்று முதல் வாரமே தெரிந்திருக்கும். ஆனால் அது அங்கே இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு முறை இரண்டு வகைத் தட்டுகளை மாற்றி அடுக்கிவிட்டேன். அதிலிருந்து பயந்து பயந்து, இரண்டு வகையையும் இரண்டு வேறு இன்குபேட்டரில் வைப்பது என் வழக்கம். எல்லாரையும்விட நான்தான் கவனமானவள் என்று அதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் உண்டு. அந்தக் கவனம்தான் என்னைக் கவிழ்த்தது. ஒப்பீட்டுத் தட்டு பக்கத்துப் பெட்டியில் இருபது டிகிரியில் சுகமாக வளர்ந்திருக்கிறது. என் புழுக்கள் பதினாறில் நிதானமாக வளர்ந்திருக்கின்றன.

மறுபடியும் ஒரு தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். இந்த முறை தோலைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்தேன். கடைசித் தோலுரிப்புக்கு முந்திய புழுவுக்கு வயிற்றின் நடுவில் சிறிய வெள்ளைப் பிறை ஒன்று தெரியும். வளர்ந்ததும் மறைந்துவிடும். எல்லாப் புழுக்களிலும் அந்தப் பிறை இருந்தது. நேரக்கணக்கு கெட்ட புழுவென்றால் வயிறு பெரியவள் என்று சொல்லும், தோல் சின்னவள் என்று சொல்லும், இரண்டும் ஒத்துப்போகாது. இவற்றில் எல்லாம் ஒன்றாகத்தான் பின்தங்கியிருந்தன. இவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. நாளை வந்து பார்த்தால் கோடு வந்திருக்கும். ஐந்தரைக்குள் கோப்பெங் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், இரண்டு வாரமும் மணியைப் பார்த்தேனே தவிரப் பிறையைப் பார்க்கவில்லை.

குறிப்பேட்டில் இரண்டு வார முடிவுகளின் மேலும் ஒற்றைக் கோடு இழுத்து, ‘பதினாறு டிகிரி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். எங்கள் வேலையில் தவறை அழிக்கக் கூடாது. கோடு போடலாம், கீழே இருப்பது தெரிய வேண்டும். மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பினேன். எண்ண வேண்டியது எதுவும் மிச்சமில்லாததால் இரண்டரைக்கே வீட்டுக்குக் கிளம்பினேன். கார் ஓட்டிக்கொண்டே கொஞ்சம் அழுதேன். புழுவும் நேரத்துக்கு வளரவில்லை, பிள்ளையும் வளரவில்லை, இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று.

அக்கா வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே காரை நிறுத்தியபோது மூன்று மணி. கார் நிறுத்தும் இடத்தில், சிமெண்டுத் தரையில், பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலி பிஸ்கட் டின் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒரு குழந்தை செருப்பு அடுக்கை நோக்கி நடந்து போனது. வெறுங்கால். இரண்டு காலும் அகன்று, சாயங்காலம் குடித்துவிட்டுத் திரும்பும் ஆள்போல ஆடி ஆடி. டின்னை வைத்துவிட்டுத் திரும்பியது.

என் மகள்.

நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வழக்கம்போலக் குதியால் இழுத்து இழுத்து என்னிடம் வந்தாள்.

அக்கா உள்ளே இருந்து ஈரக்கையோடு ஓடி வந்தார். “ஏசப்பா! இன்னைக்கி என்னா இவ்வளவு சீக்கிரம்?”

“நடக்குறாக்கா.”

அக்கா குனிந்து பிஸ்கட் டின்னை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அக்கா, எத்தன நாளா?”

“ஒம்போது நாளு,” என்றார். தப்பு செய்த சின்னப் பிள்ளையைப்போல, கையை உடையில் துடைத்துக்கொண்டே.

“ஒம்போது நாளா தெனமும் கேக்குறேனே! நின்னாளா நின்னாளான்னு.”

“நான் பொய் சொல்லலியே. நல்லா சாப்புட்டான்னு சொன்னேன்.” பிறகு குரல் தணிந்தது. “தங்கச்சி, வேலைக்குப் போற அம்மாகிட்ட மொத பல்லு, மொத பேச்சு, மொத நட, இதெல்லாம் சொல்லக் கூடாது. அது நீ உன் வீட்ல பாக்கணும். ஓடி வந்து என்கிட்ட சொல்லணும். நான் ‘அப்புடியா!’ன்னு ஆச்சரியமா கேக்கணும். எங்கம்மா தோட்டத்துல ஆயாக் கொட்டாய்ல இருந்தப்பவே இதான் வழக்கம். மரம் வெட்டப் போற பொம்பளைங்க, பகலெல்லாம் புள்ள மொகத்தையே பாக்காதவங்க, அவங்ககிட்டப் போயி நீ பாக்காதத நான் பாத்துட்டேன்னு சொல்ல முடியுமா?”

ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகையைத்தான் சொன்னார். அந்தத் தோட்டமே இப்போது இல்லை. நாங்கள் நின்றிருந்த சிமெண்டுத் தரை அதன்மேல்தான் இருக்கிறது.

“வீட்ல அவ நடக்கலையேக்கா.”

“எப்புடி நடப்பா? தெனமும் காலையில நான் மொத வேலையா என்னா பண்றேன் தெரியுமா? அவ காலு ஸ்டோக்கின கழட்டிருவேன். சாயங்காலம் நீ வர்றதுக்கு முன்ன மாட்டிருவேன். உன் வீட்டு டைல்ஸ்ல, ஸ்டோக்கினோட, நானே நடந்தா விழுந்துருவேன் லா.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு இரண்டையும் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. மகளை மடியில் வைத்து, செருப்பு அடுக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறாம் மாதத்து அந்தத் துளியைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். அதுவரை கணவரிடம்கூடச் சொல்லாதது.

நான் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்: “கழுவுனியா?”

“கழுவுனேன்.”

“எங்கம்மா ஆயா ஆவறதுக்கு முன்ன, அவங்க வயித்துல நான் நெறமாசம். ரப்பர் பாலு ஒறைய வைக்க அசிட்டு ஊத்துவாங்க, அந்த எடத்துல நாளெல்லாம் நிப்பாங்க. மூக்கு எரியுமாம்.” தன் வலது காலைத் தூக்கி, அகலமான பாதத்தை என் முன்னால் நீட்டினார். “இதப் பாரு. கடையில என் சைஸ் செருப்பே கெடைக்க மாட்டேங்குது.”

அது மருத்துவ விளக்கம் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலைப் பார்த்து நான் சிரித்தேன். மகள் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

கிளம்பும்போது அக்காவின் முகம் வாடியே இருந்தது. “உன் மொத பார்வைய நான் கெடுத்துட்டேன்,” என்றார்.

“நான்தானே சொல்லாம சீக்கிரம் வந்தேன்.”

“சரி. உன் வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லிறாத. அவரு பாக்கட்டும்.”

அன்று மாலை வீட்டில் காலுறையைக் கழற்றினேன். ஓட்டுத் தரையின்மேல், என் திருமணத்துக்கு வந்த பெரிய பாயை விரித்தேன். நான் நாற்காலியில் போய், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டேன். மகள் பாயைப் பார்த்தாள், தன் கால் விரல்களைப் பார்த்தாள், வெங்காயக் கூடைக்கு உட்கார்ந்தபடியே போனாள். மூன்று மணிக்கு நான் பார்த்தது உண்மைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அக்காவுக்கு அழைத்துக் கேட்கப் போனேன். கேட்கவில்லை.

கணவர் தொலைபேசியில் அழைத்து, மகள் என்ன செய்கிறாள் என்றார். “வெங்காயம்,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வாய்க்குள் ஒரு செய்தி நின்றுகொண்டு இருந்தது. அதைப் பிடித்து வைப்பது எவ்வளவு வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது நாள் அக்கா இதை எப்படிச் செய்தார்? அதுவும் தினமும் கேள்வி கேட்கிற என்னைப்போல ஒருத்தி முன்னால்?

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அவர் வந்தார். தஞ்சோங் மாலிமிலிருந்து வரும்போது எப்போதும் ஒரு பெட்டி பாவ் ரொட்டி வாங்கி வருவார், உள்ளே கயா என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு வைத்தது. வாசலிலேயே காலணியைக் கழற்றிக்கொண்டு, பெட்டியை மகளிடம் காட்டினார். அவள் பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியை அடையாளம் தெரிந்தது. இரண்டு கையையும் பாயில் ஊன்றி, பின்பக்கத்தை முதலில் தூக்கி, நிமிர்ந்தாள்.

நான் எழவில்லை. எழுந்து ஓடிப் பிடிக்காமல் இருப்பதற்கு உடம்பில் உள்ள எல்லாத் தசையும் தேவைப்பட்டது.

ஐந்து அடி. ஆறாவது அடியில் அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏய்!” என்று கத்தினார். ஒற்றைக் காலில் காலணியோடு அப்படியே நின்றார். “பாத்தியா? பாத்தியா லா? நடந்துட்டா! ஏய், நீ பாத்தியா இல்லியா?”

“பாத்தேன்,” என்றேன்.

“மொத தடவ லா! எனக்குன்னு வச்சிருந்திருக்கா பாரு. அப்பா வரட்டும்னு!”

“ஆமா,” என்றேன்.

அவர் அழுதார். பாவ் ரொட்டியைத் தின்றுகொண்டே அழுதார். அடுத்த நாள் காலை சந்தையில் மீன்காரரிடம் சொன்னார், கறிவேப்பிலை விற்கும் சீனப் பெண்ணிடம் சொன்னார், பாரிட் புந்தாருக்குக் காணொளி அனுப்பினார். அண்ணி உடனே அழைத்து, தன் மகன் அவ்வளவு சீக்கிரம் நடந்ததற்குக் காரணம் அவன் வரப்பில் வெறுங்காலோடு திரிந்ததுதான் என்றும், ஓட்டுத் தரை வீட்டில் தன் மூத்தவள் ஒன்றரை வயது தாண்டித்தான் நடந்தாள் என்றும் சொன்னார். இதை ஆறு மாதம் முன்பே சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அந்தத் துளியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டார், ஆனால் துளிக்காக அல்ல. அத்தனை மாதம் தனியாக வைத்திருந்ததற்காக. கிளினிக்கில் டாக்டரிடமும் கேட்டேன். எவ்வளவு, எங்கே, உடனே கழுவினாயா என்று கேட்டுவிட்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உட்கார்ந்து நகரும் பிள்ளைகள் பலர் தாமதமாகத்தான் நடப்பார்கள் என்றார். நான் முக்கால்வாசி நம்பினேன். எனக்கு அது பெரிய அளவு.

மிஸ்ஸி புத்தகத்தைத் திறந்து, அந்த வெள்ளை இடத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார். எந்தத் தேதி என்று கேட்டார். நான் பேனாவைப் பிடித்தபடி யோசித்தேன். அக்கா சிமெண்டுத் தரையில் பார்த்த நாள் ஒன்று. நான் கம்பிக் கதவுக்கு வெளியே பார்த்த நாள் ஒன்று. குறிப்பேட்டில் அழிக்காமல் எழுதப் பழகிய கை இது. பக்கத்தில், அன்று விடுப்பு எடுத்து வந்திருந்த என் கணவர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைத் தேதியை எழுதினேன்.

அன்று மாலை கோப்பெங்கில் அக்கா அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார். “அப்புடியா! வெள்ளிக்கெழமையா நடந்தா!” என்றார், எவ்வளவு ஆச்சரியமாக முடியுமோ அவ்வளவு ஆச்சரியமாக. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இப்போது இரண்டு வகைத் தட்டும் ஒரே இன்குபேட்டரில், ஒரே அடுக்கில், இருபது டிகிரியில் இருக்கின்றன. வேறு வேறு நிறத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். உதவிப் புரதம் இல்லாத புழுக்கள் பலவற்றில் கோடு முழுதாகவே இருக்கிறது. சிலவற்றில் மட்டும் நடுவில் விட்டுப்போயிருக்கிறது. முதலில் கிடைத்ததைப்போலப் பளிச்சென்ற முடிவு அல்ல. அந்த வேலைக்கு இன்னொரு கை இருக்க வேண்டும், ஒன்று இல்லாதபோது மற்றது ஓரளவு தாங்கிக்கொள்கிறது என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். பிறையைப் பார்த்த பிறகுதான் கோட்டைப் பார்க்கிறேன்.

மகள் நன்றாக நடக்கிறாள். ஆனால் வெங்காயக் கூடையை நான் தூக்கி வைக்கப் போகிறேன் என்று தெரிந்தால், பொத்தென்று உட்கார்ந்து, குதியால் இழுத்து, எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். அவளுக்கு அதுதான் வேகம்.